பழைய சட்டம் போனால் தர்மக் காணியும் போகுமா?

கல்முனைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்ட கேள்வி இது. வெள்ளைக்காரர் காலத்து ஆஸ்பத்திரிச் சட்டங்களையும் அநாதை இல்லங்கள், தர்ம நிறுவனங்கள் பற்றிய பழைய கட்டளைச் சட்டங்களையும் மொத்தமாக நீக்க வேண்டும் என்ற பேச்சு அவர் காதில் விழுந்திருக்கிறது. அவருடைய பூட்டனார் ஊரில் ஒரு மருந்துச்சாலை நடக்கட்டும் என்று தர்மமாக எழுதிக் கொடுத்த வளவு ஒன்று உண்டு. மருந்துச்சாலை மூடிக் கனகாலம். சட்டத்தை நீக்கினால் வளவு அரசாங்கத்துக்குப் போய்விடுமா, ஊரவர்கள் சேர்ந்து எதிர்க்க வேண்டுமா என்பது அவருடைய கவலை.

போகாது. நீக்கத்தை எதிர்த்து நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். அந்த வளவுக்கு வேறு ஆபத்துகள் இருக்கின்றன. அவை பாராளுமன்றத்திலிருந்து வருவதை விடப் பக்கத்து வேலியிலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். பூட்டனாரின் வளவைத் தர்மக் காணியாக்கியது எந்தக் கட்டளைச் சட்டமும் இல்லை. அவர் நொத்தாரிசின் முன்னால் கையெழுத்து வைத்த உறுதி, அதாவது காணிப் பத்திரம்தான் அதைச் செய்தது. அந்த உறுதி 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்பு (டிரஸ்ட்) கட்டளைச் சட்டத்தின் நிழலில் நிற்கிறது. ஏழைகளுக்கு உதவுதல், கல்வி, சமயம், பொதுமக்களுக்குப் பயன் தரும் வேறு நோக்கங்கள் எல்லாவற்றையும் தர்ம நம்பிக்கைப் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்ளும் பொதுச் சட்டம் அது. பழைய சட்டங்களைத் துப்புரவாக்குகிறோம் என்று யாரும் இதில் கை வைப்பதில்லை. இந்த நாட்டில் இந்துக் கோயில்களுக்கென்று தனியான ஆதனச் சட்டம் இல்லாததால், கிழக்கில் பெரும்பாலான கோயில் வழக்குகளே இதைக் கொண்டுதான் நடக்கின்றன. இதை எடுத்தால் பாதி நாட்டின் மடமும் கோயிலும் அந்தரத்தில் நிற்கும்.

அடுத்தது, நீக்கம் என்றால் என்ன என்பது. ஒரு சட்டத்தை நீக்கியதும் அது பிறந்ததே இல்லை என்று ஆகிவிடாது. 1901 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. நீக்கப்பட்ட சட்டத்தின் கீழ் முறையாகச் செய்து முடித்த காரியம் செல்லும். அதன் கீழ் ஒருவருக்குக் கிடைத்த உரிமை நிற்கும். நடந்துகொண்டிருக்கும் வழக்கு நடந்து முடியும். வேறு மாதிரி ஆக வேண்டுமென்றால் நீக்கும் சட்டமே அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய உரிமைக்குச் சேதமில்லை. அதே பிரிவில் இன்னொரு நல்ல விதியும் இருக்கிறது. பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறார்கள் என்றால், புதியது நடைமுறைக்கு வரும் வரை பழையது போகாது.

மட்டக்களப்பாருக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. முக்குவர் சட்டம் இருந்ததே, அதைப் பாருங்கள். தாய்வழிச் சொத்துரிமையைச் சொன்ன அந்த வழமைச் சட்டத்தை 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் முடித்து வைத்தது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை தப்பிப் பிழைத்தது, எங்களுடையது பிழைக்கவில்லை. அந்தக் கதையைத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் நடந்தது என்ன? சொத்துப் பிரிக்கும் விதி மாறியது. குடி எனப்படும் தாய்வழிக் குலங்களின் வழமையும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரின் பொறுப்பும் மாறவில்லை. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீச்சரத்துக்குப் போய்ப் பாருங்கள், எந்தக் குடிக்கு எந்த உரிமை என்பது இன்றைக்கும் பேசுபொருள்தான். சட்டத்தை நீக்கி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. நீக்கும் சட்டம் எதைத் தொட்டதோ அது மட்டும் போகும், தொடாதது அப்படியே கிடக்கும்.

சரி, அப்படியானால் தர்ம நிறுவனங்களின் காணியும் கட்டிடமும் அரசாங்கத்துக்குப் போனதே இல்லையா என்றால், போயிருக்கிறது. அதைச் செய்தது நீக்கும் சட்டம் இல்லை, கையேற்கும் சட்டம். 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கத்தின் கைக்குக் கொண்டு வந்தன. மிஷன் பாடசாலைகளோடு, சுவாமி விபுலானந்தர் காலத்தில் இராமகிருஷ்ண மிஷன் கட்டி வளர்த்த கிழக்கிலங்கைப் பாடசாலைகளும் அப்படித்தான் போயின. இன்னொரு வழி 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம். பொதுத் தேவை என்று அறிவித்து, அறிவித்தல் ஒட்டி, நட்டஈடு தந்து எடுப்பார்கள். எனவே ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வந்தால், "நீக்கப்படுகிறது" என்ற சொல்லைக் கண்டு பதற வேண்டியதில்லை. "உரித்தாக்கப்படுகிறது", "கையேற்கப்படுகிறது" என்ற சொற்கள் எங்கேயாவது ஒளிந்திருக்கின்றனவா என்று தேடுங்கள். அவை இருந்தால் உடனே சட்டத்தரணியிடம் ஓடுங்கள்.

ஒரு வகை நிறுவனத்துக்கு மட்டும் நான் இவ்வளவு தைரியம் சொல்ல மாட்டேன். சட்டமே பிறப்புச் சான்றிதழாக இருக்கும் நிறுவனங்கள் அவை. இலங்கையில் நூற்றுக்கணக்கான சங்கங்களும் மிஷன்களும் மன்றங்களும் பாராளுமன்றத்தில் தனித்தனிக் கூட்டிணைப்புச் சட்டம் பெற்று உருவானவை. இராமகிருஷ்ண மிஷனின் இலங்கைக் கிளைக்குக் கூடக் குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே அப்படி ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தால்தான் நிறுவனத்துக்குத் தன் பெயரில் காணி வைத்திருக்கவும், வழக்குப் போடவும், முத்திரை குத்தவும் முடிகிறது. அந்தச் சட்டத்தை மாற்று ஏற்பாடு இல்லாமல் நீக்கினால் சொத்தின் சொந்தக்காரனே காணாமற் போய்விடுவான். பிற்காலத்துக் கூட்டிணைப்புச் சட்டங்களில் நிறுவனம் கலைந்தால் எஞ்சிய சொத்தை அங்கத்தவர்கள் பங்கு போடக்கூடாது, இதே நோக்கமுள்ள இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற வாசகம் வழக்கமாக இருக்கும். பழையவற்றில் அது இல்லாமலும் இருக்கலாம். உங்கள் ஊரில் அப்படிப்பட்ட பழைய சங்கம் ஏதும் பெயருக்கு மட்டும் கிடந்தால், அந்தச் சட்டத்தின் கடைசி இரண்டு மூன்று பிரிவுகளை இன்றைக்கே வாசித்து வையுங்கள். உங்கள் வளவு விஷயத்தில் இது வராது. பூட்டனார் சங்கம் எதையும் கூட்டிணைக்கவில்லை என்றே உங்கள் கேள்வியிலிருந்து விளங்குகிறது.

இனி, எதிர்க்க வேண்டாம் என்று நான் ஏன் சொல்கிறேன் என்பதற்கு வருவோம். பழைய சட்டங்களில் சில இருப்பதே அவமானம். எங்கள் மட்டக்களப்பு வாவியிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. மாந்தீவைக் கரையிலிருந்து பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே தொழுநோய் ஆஸ்பத்திரி வைத்தார்கள். ஏன் தீவில் வைத்தார்கள் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. அந்தக் காலத்துச் சிந்தனை 1901 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் குஷ்டரோகிகள் கட்டளைச் சட்டத்தில் எழுத்தாகவே இருக்கிறது. நோய் இருக்கிறது என்று ஐயுற்றவரைப் பரிசோதிக்கவும், உறுதியானால் புகலிடம் என்று பெயர் சூட்டிய இடத்தில் அடைத்து வைக்கவும் அது அதிகாரம் கொடுத்தது. மருந்து இல்லாத காலம், பயம் நிறைந்த காலம், அதையும் ஒத்துக்கொள்வோம். ஆனால் 1981 இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்துவிட்டது. 1995 இல் இலங்கை, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவுக்கு நோயைக் கொண்டு வந்துவிட்டது. இன்றைக்கு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், கிளினிக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே குணமடைகிறார்கள். முதல் வேளை மருந்திலேயே தொற்றும் ஆற்றல் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இந்த நோயாளிகள் இன்னும் பயப்படுவது சட்டத்துக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்கு. அது உண்மை. ஆனால் தோலில் ஒரு தேமலைக் கண்டு கிளினிக்குக்குப் போகத் தயங்கும் ஒருவருக்கு, "உன்னைப் பிடித்துத் தீவில் போடலாம்" என்று சொல்லும் ஒரு சட்டத்தின் நினைவு ஊரில் இருப்பது உதவியா? இந்தியா 1898 ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டத்தை 2016 இல் நீக்கியது. 2019 இல் தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகச் சொல்லும் வாசகங்களையும் தனிநபர் சட்டங்களிலிருந்து எடுத்தது. இப்படிப்பட்ட சட்டத்தை நீக்க வேண்டாம் என்று ஊர்வலம் போவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. மாந்தீவு ஆஸ்பத்திரியின் கட்டிடமும் காணியும் ஊழியரும் சுகாதார நிர்வாகத்தின் கீழ் வருபவை. ஆள்களை அடைக்கும் அதிகாரம் போனால் அவை எதுவும் போகாது. ஒரு காலத்தில் அங்கே கொண்டு வரப்பட்டு, உறவு அறுந்து, வயதாகி அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கான பராமரிப்பு மட்டும் எழுத்தில் உறுதியாக வேண்டும். நான் ஒரு வரி கேட்பதாக இருந்தால் அதைத்தான் கேட்பேன்.

எல்லாப் பழைய சட்டமும் இப்படி இலகுவாகத் தீர்ப்புச் சொல்லக்கூடியது இல்லை. மூன்றைச் சொல்கிறேன்.

1873 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், பிறகு மனநோய்கள் கட்டளைச் சட்டம் என்று பெயர் பெற்றது. மொழியும் முறையும் அந்தக் காலத்தவை, மாற்ற வேண்டும் என்று மருத்துவர்களே சொல்லி வருகிறார்கள். ஆனால் ஒருவரை அவருடைய சம்மதம் இல்லாமல் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் அதிகாரமும், அதற்கு நீதிமன்றம் போடும் கட்டுப்பாடும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. புதியது வராமல் பழையதை மட்டும் எடுத்தால் கட்டுப்பாடும் சேர்ந்து போய்விடும்.

1941 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டமும் அப்படித்தான். போரும் 2004 சுனாமியும் எங்கள் கரையில் எத்தனை சிறுவர் இல்லங்களைத் திறக்க வைத்தன என்பதைக் கல்லடியிலிருந்து பொத்துவில் வரை உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவற்றில் நல்லவை இருந்தன, வெளிநாட்டுப் பணத்துக்காகப் பலகை மாட்டியவையும் இருந்தன. இன்றைய கண்காணிப்பில் பெரும்பகுதி மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் கையில் இருந்தாலும், ஒரு இல்லத்துக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரம் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் கிழிக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்ததற்கு ஒரு உதாரணம் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம், 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கம். 1949 இல் வந்த மருத்துவமனைகள் ஒழுங்குவிதிச் சட்டத்தை எடுத்து அந்த இடத்தில் இதை வைத்தார்கள்.

மூன்றாவது, 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். 2019 இல் யாராவது பழைய சட்டப் பட்டியல் ஒன்று போட்டிருந்தால் இது அதில் முன்வரிசையில் இருந்திருக்கும். கப்பலில் வரும் கொள்ளைநோயை நினைத்து எழுதிய சட்டம்தானே. 2020 இல் கொரோனா வந்ததும் முழு நாட்டையும் அதை வைத்துத்தான் கட்டுப்படுத்தினார்கள். முகக்கவசம், தனிமைப்படுத்தல் எல்லாம் அதன் கீழ் வந்த ஒழுங்குவிதிகள். அதே சட்டத்தின் கீழ்தான் 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதியும் வந்தது. முஸ்லிம் குடும்பங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2021 பெப்ரவரியில்தான் அது தளர்ந்தது. மார்ச்சிலிருந்து நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் உடல்களை மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டு வந்து அடக்கினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். செத்த சட்டம் என்று நாம் நினைத்தது ஒரே வருடத்தில் காப்பாற்றவும் செய்தது, காயப்படுத்தவும் செய்தது. ஆகவே "பழையது, ஆகவே உதவாது" என்பதும் பிழை, "பழையது, இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு நட்டம்" என்பதும் பிழை.

"பாவிக்காமல் விட்டால் தானாகச் செத்துவிடாதா" என்று சிலர் கேட்பதுண்டு. உரோமன் டச்சுச் சட்டத்தில் அப்படி ஒரு கொள்கை இருக்கிறது, நெடுங்காலம் வழக்கில் இல்லாத பழைய விதி வலுவிழந்துவிட்டது என்று நீதிமன்றம் சொல்லலாம். ஆங்கிலேயர் காலத்துக் கட்டளைச் சட்டத்துக்கும் பாராளுமன்றச் சட்டத்துக்கும் அது பொருந்தாது. நூறு வருடம் யாரும் தொடாவிட்டாலும், நீக்கும் வரை உயிரோடுதான் இருக்கும். அதற்கு மேல், அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் செல்லும் என்கிறது. சட்டம் ஒரு தடவை நிறைவேறிவிட்டால் நீதிமன்றத்தில் அதைச் செல்லாது என்று சொல்ல வைக்கவும் வழியில்லை. ஆகவே ஒரு கெட்ட பழைய சட்டத்துக்கு மருந்து பாராளுமன்றத்தில் மட்டும்தான் இருக்கிறது.

இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். வெள்ளைக்காரன் நமக்கு விட்டுப் போனதை நாம் வைத்திருக்கிறோம், அவன் தன்னுடையதை ஒழுங்காகக் கழித்துக்கொண்டு வருகிறான். 1965 இல் அங்கே அமைத்த சட்ட ஆணைக்குழு பழைய சட்டங்களை வகை வகையாகப் பிரித்து ஆராய்கிறது. ஏழைகள் நிவாரணம், தர்ம நிறுவனங்கள், வேலை இல்லங்கள் என்று தனித்தனிக் கோப்பு. ஒவ்வொரு சட்டமும் எதற்காக வந்தது, அது உருவாக்கிய ஆஸ்பத்திரி அல்லது தர்ம இல்லம் இன்று இருக்கிறதா, இருந்தால் எந்த அதிகாரத்தில் இயங்குகிறது என்று எழுதுகிறார்கள். பிறகு அந்த நிறுவனத்தின் வாரிசு யாரோ அவரிடமே கருத்துக் கேட்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சட்டமூலம். 2013 இல் ஒரே சட்டத்தில் 800க்கும் மேற்பட்ட பழைய சட்டங்களை முழுதாக நீக்கினார்கள், இந்திய ரயில்வேக் கம்பனிகள் பற்றிய சட்டங்களும் அதில் அடக்கம். எண்ணிக்கை பெரிதாக இருந்தாலும் கேட்டுவிட்டுச் செய்த வேலை அது.

எங்களிடமும் 1969 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சட்ட ஆணைக்குழு ஒன்று உண்டு. ஆனால் கேட்கிற பழக்கம்தான் குறைவு. இதில் கிழக்குக்கு ஒரு தனிக் குறையும் இருக்கிறது. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின்படி போதனா வைத்தியசாலைகளும் விசேட தேவைக்கான வைத்தியசாலைகளும் தவிர, பொது வைத்தியசாலை, கிராமிய வைத்தியசாலை, மகப்பேற்று மனை, மருந்தகம் எல்லாம் மாகாண விடயம். மாகாண விடயத்தில் பாராளுமன்றம் சட்டம் இயற்றப் போனால் மாகாண சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. எங்கள் மருந்துச்சாலையைப் பற்றி யாரிடம் கேட்பது? ஆகவே இந்தப் பக்கத்துச் சங்கங்களும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களும் தாங்களாகவே எழுதிக் கொடுக்க வேண்டிய நிலை.

இனி உங்கள் வளவு. உறுதியை எடுத்து, யாருக்கு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எல்லாமே அதில்தான் தொங்குகிறது.

முடிக்கு, அதாவது அரசாங்கத்துக்கு நன்கொடையாக எழுதியிருந்தால் அது எழுதிய அன்றைக்கே அரச காணி ஆகிவிட்டது. எந்தச் சட்டம் நீங்கினாலும் நீங்காவிட்டாலும் மாற்றமில்லை. அப்போது உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி உறுதியில் உள்ள நிபந்தனை. "மருந்துச்சாலைக்கு மட்டும், இல்லாவிட்டால் என் வாரிசுகளுக்குத் திரும்ப வேண்டும்" என்று இருக்கிறதா? இல்லாவிட்டால் அதே காணியில் ஒரு கிளினிக்கோ தாய்சேய் நிலையமோ வர வேண்டும் என்று பிரதேச செயலாளரிடமும் மாகாண சுகாதாரத் திணைக்களத்திடமும் கேட்பதுதான் வழி. பேரப்பிள்ளைகள் திருப்பிக் கேட்பதை விட ஊர் கேட்பதற்குப் பலம் அதிகம்.

பொறுப்பாளர்களின் பெயரைப் போட்டு, ஊர்ச் சனத்தின் வைத்தியத்துக்கென்று எழுதியிருந்தால் அது தர்ம நம்பிக்கைப் பொறுப்பு. உங்கள் கேள்வியைப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மருந்துச்சாலை மூடியதால் தர்மம் செத்துவிடவில்லை. சொன்ன நோக்கத்தை அப்படியே நிறைவேற்ற முடியாமல் போனால், அதற்கு மிக நெருக்கமான இன்னொரு நோக்கத்துக்குச் சொத்தைத் திருப்பிவிட மாவட்ட நீதிமன்றத்தால் முடியும். உதாரணமாக, கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்களுக்கு உகந்தை வழியில் வாந்திபேதிக்கு மருந்து கொடுப்பதற்கென்று ஒருவர் அந்தக் காலத்தில் காணி எழுதினார் என்று வையுங்கள். இன்று அந்த வாந்திபேதி இல்லை, பாதயாத்திரை இருக்கிறது. முதலுதவி நிலையமோ குடிதண்ணீரோ அந்தக் காணி வருமானத்தில் நடக்கட்டும் என்று நீதிமன்றம் திட்டம் வகுத்துக் கொடுக்கலாம். ஆனால் அதைக் குடும்பத்துக்குள்ளே கூடி முடிவெடுத்துச் செய்துவிடக் கூடாது. எவ்வளவு நல்ல நோக்கமானாலும் நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும்.

பொறுப்பாளர்கள் எல்லாரும் இறந்து போயிருப்பார்கள். புதியவர்களை நியமித்து, காணியை அவர்கள் பெயருக்கு உரித்தளிக்கும் கட்டளையையும் அதே நீதிமன்றத்தில் வாங்கலாம். மடம், கோயில் சார்ந்த தர்மமாக இருந்தால் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து வழக்குப் போடலாம். அதற்கு முன் அரசாங்க அதிபரிடம் மனுக் கொடுத்து, அவர் விசாரித்துத் தரும் சான்றிதழ் வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போய் வழக்குத் தள்ளுபடியானவர்கள் இருக்கிறார்கள்.

உறுதியே இல்லையா? 1978 சூறாவளி, போர், சுனாமி என்று எங்கள் பக்கத்தில் கடுதாசிகள் போன வழிகள் பல. நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 107 ஆம் பிரிவு இந்த இடத்தில் பெரிய உதவி. முறையான உறுதி கையில் இல்லாவிட்டாலும், சூழ்நிலைகள் எல்லாவற்றையும் பார்த்து இங்கே ஒரு தர்மம் இருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால் அதை ஏற்றுக்கொள்ளலாம். பழைய மருந்துச்சாலைப் படம், கல்வெட்டு, வரி கட்டிய துண்டு, அங்கே மருந்து வாங்கிய கிழவர்களின் சத்தியக் கடுதாசி எல்லாம் பயன்படும். காணிப் பதிவகத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் பிரிந்தது. பழைய உறுதியில் மட்டக்களப்பு மாவட்டம், கரைவாகுப் பற்று என்றுதான் இருக்கும். கல்முனைப் பதிவகத்தில் இல்லை என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள், மட்டக்களப்பிலும் பழைய பக்கங்களைத் தேடச் சொல்லுங்கள்.

முதலில் சொன்ன பக்கத்து வேலி ஆபத்து இதுதான். ஒருவர் உங்கள் வளவுக்குள் வேலியைத் தள்ளிப் போட்டுப் பத்து வருடம் இருந்துவிட்டால், 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சிக்காலக் கட்டளைச் சட்டத்தைக் காட்டித் தனக்கே சொந்தம் என்பார். சாதாரணக் காணியில் அது எடுபடலாம். தர்மக் காணியில் எடுபடாது. நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 111 ஆம் பிரிவு, தர்மத்தின் சார்பில் சொத்தை மீட்கக் கேட்கும்போது அந்தச் சட்டம் குறுக்கே வராது என்கிறது. இது பலருக்குத் தெரியாது, தெரியாததால் "அவன் இருந்து இருபது வருடமாச்சு, இனி என்ன செய்ய" என்று விட்டுவிடுகிறார்கள். குடும்பக் காணியைப் போரினால் பார்க்க முடியாமல் விட்டவர்களுக்கு 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் தனி நிவாரணம் தந்தது, அதற்கு வேறு நிபந்தனைகள். தர்மக் காணிக்கு அந்தக் கதவு தேவைப்படாது. விலை கொடுத்து, விஷயம் தெரியாமல் வாங்கிய மூன்றாம் ஆள் வந்துவிட்டால் சிக்கல் கூடும், அதனால் காலம் கடத்தாதீர்கள்.

முஸ்லிம் ஊர்களில் இதே மாதிரிக் காணி பள்ளிவாசலுக்கோ வைத்தியத்துக்கோ வக்ஃபாக, அதாவது இஸ்லாமிய முறைத் தர்மமாக இருந்தால் வழி வேறு. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வக்ஃபு சபையிடம் போக வேண்டும், மேலே சொன்ன அரசாங்க அதிபர் சான்றிதழ் அங்கே பொருந்தாது.

நீக்கச் சட்டமூலம் என்று உண்மையிலேயே ஒன்று வந்தால், ஊர்வலத்துக்குப் பதிலாக ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். நீக்கத்துக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் அல்லது அதன் காலத்தில் தர்மத்துக்கென்று அளிக்கப்பட்ட எந்தச் சொத்தின் நோக்கமும் பொறுப்பாளர் உரிமையும் இதனால் பாதிக்கப்படாது என்று ஒரு காப்பு வாசகம் சேருங்கள் என்று கேளுங்கள். நீதி அமைச்சுக்கும், மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், கட்சி பார்க்காமல் எல்லாருக்கும் ஒரு பிரதி. சட்டமூலத்தைச் சவாலுக்கு உட்படுத்த உச்ச நீதிமன்றத்தில் கிடைக்கும் அவகாசம் நாட்கணக்கில்தான், நிறைவேறிய பிறகு அந்தக் கதவு மூடிவிடும். அதனால் வர்த்தமானியைப் பார்க்கிற பழக்கமுள்ள ஒரு இளைஞரை நிர்வாக சபையில் போட்டு வையுங்கள். அந்தக் கடிதத்தோடு இணைக்க உறுதியின் சான்றுப்படுத்திய பிரதி தேவைப்படும். பதிவகத்தில் விண்ணப்பத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள், பழைய பக்கங்களைத் தேடி எடுக்க நாளாகும்.